கல்யாணமான பெண்ணுக்கு வரன் தேடும் பக்கம்

12 ஜூன் 2006, திங்கள்
விடியற்காலையிலிருந்து மழை. ஆபீஸுக்குக் கிளம்பும்போது ஃபோன். திருச்சூரிலிருந்து முன்பின் தெரியாத ஒரு மாமா. பையன் இன்ஜினியர், பெண்ணின் ஜாதகம் வேண்டுமாம். கல்யாணம் ஆகி ஏழு வாரம் ஆயிற்று என்றேன். உடனே, "செரி. தங்கை உண்டோ?"

போன வருஷம் அப்பா கல்யாண வெப்சைட்டில் போட்ட என் பக்கம் இன்னும் அப்படியே. படம், வீட்டு ஃபோன் நம்பர், சம்பளம், உயரம் (இரண்டு இன்ச் கூட்டி). நான் கட்டிக்கொண்ட ரவி அதில் கிடைத்தவன் இல்லை, ஆபீஸில் கிடைத்தவன். இப்போது பெங்களூரில் வீடு பார்க்கிறான். மாசக் கடைசியில் நானும் போகிறேன்; அதுவரை அப்பா வீடு.

சாயங்காலம் வலியசாலையிலிருந்து மாமியார் ஃபோன். "உன் படம் இன்னும் இன்டர்நெட்ல வரன் தேடிண்டிருக்காமே. என் தங்கை பாத்துட்டுச் சொன்னா. ஞாயித்துக்கிழமை வரேன், பேசிக்கலாம்." குரல் தேன். அதுதான் பயம்.

13, செவ்வாய்
எங்கள் கரமனை ஜங்ஷன், இன்டர்நெட் கடை. அப்பாவுக்கு பாஸ்வேர்டு மறந்துவிட்டதாம். போட்டுப் பார்த்தவை: என் பெயர், அம்மா பெயர், என் நட்சத்திரம், பழைய ஸ்கூட்டர் நம்பர். ஊஹூம். கடைக்காரர்: "பாஸ்வேர்டு இல்லாதெ ஒண்ணும் நடக்கில்லா சேச்சி." வெப்சைட்டுக்கு மெயில்.
மறக்காதே: குடைக்குக் கம்பி, அம்மாவின் கண் மருந்து.

15, வியாழன்
பதில். பக்கத்தை எடுக்க, கல்யாணப் பத்திரிகையும் ஜோடியாக ஒரு படமும் அனுப்ப வேண்டும். கூடவே, அந்தப் படத்தை 'எங்கள் வெற்றி ஜோடிகள்' பகுதியில் போடலாமா என்று ஒரு கேள்வி. ஒரு படத்தை எடுக்க இன்னொரு படம். ரவி ஃபோனில் சிரித்துத் தீர்த்தான். அனுப்பவில்லை.

16, வெள்ளி
தலைவலி. மத்தியானமே வீடு. அப்பா ஃபோனில்: "உங்க பையனுக்கு ஆரியசாலைல ஒரு பொண்ணு இருக்கா, கேட்டேளா. தங்கமான குடும்பமாக்கும்." மடியில் நோட்டு. எனக்காகக் கூப்பிட்டவர்கள் எல்லோரும் அதில், பையன்கள் ஒரு பக்கம், அவர்கள் வீட்டுப் பெண்கள் ஒரு பக்கம். நடுவே கோடுகள். இரண்டு ஜோடிக்கு நிச்சயமே ஆகிவிட்டது.

"பாஸ்வேர்டு?"
"தெரியும்." பேப்பரைப் பார்த்துக்கொண்டே. "நாகர்கோவில் பேச்சு பாதில நிக்கறது. அது முடியட்டும்னு பாத்தேன்."
அம்மா: "ஃபோன் பக்கத்துலயே பாயைப் போட்டுக்கோங்கோ."
கோபம். நாலு நாளாக மழையில் அலைந்தது நான். ஆனால் நோட்டைப் படித்ததும் சிரித்துவிட்டேன். ஒரு பையனுக்கு எதிரே: 'நல்லவன். அதிகம் பேசுவான்.'

17, சனி
அப்பாவும் நானும் கடைக்கு. பாஸ்வேர்டு அவருடைய பென்ஷன் நம்பர். நீக்கும் பட்டன் வந்ததும் அப்பாவின் கை நின்றது. "இனி எப்படிக் கண்டுபிடிப்பா நம்மளை?" நம்பர் வைத்திருப்பவர்கள் கூப்பிடுவார்கள் என்றேன். அவரே அழுத்தினார். திரும்பத் தேடினோம். நான் இல்லை. என்னவோ லேசாக இருந்தது.
வழியில் பழம்பொரி, சூடான நேந்திரம்பழ பஜ்ஜி. முதலாவதை அப்பா ரோட்டைப் பார்த்துக்கொண்டே தின்றார். இரண்டாவதில் சரியாகிவிட்டார்.

18, ஞாயிறு
மழை விட்டது. பத்து மணிக்கு மாமியார். பக்கத்தை எடுத்தாயிற்று என்றேன். நம்பின மாதிரி தெரியவில்லை. காபி பாதி. ஃபோன்.
நாங்கள் மூவரும் அசையவில்லை. மாமியாரே எழுந்து எடுத்தார்.
"ஆமாம், கரமனைதான்... பொண்ணுக்குக் கல்யாணம் ஆயாச்சு. நான் அவ மாமியார் பேசறேன்."
கேட்டுக்கொண்டே இருந்தார். ரிசீவரைப் பொத்தி, அப்பாவிடம் மெதுவாக: "பையன் பேங்க்ல இருக்கானாம். என் தங்கை பொண்ணுக்குப் பொருந்துமோ?" மறுபடி ஃபோனில், "நட்சத்திரம் என்ன சொன்னேள்?"
என்னைப் பார்த்துக் காற்றில் எழுதிக் காட்டினார். பேனா.