கணக்கில் சேராத டேங்க்

ஏப்ரல் 9

அன்புள்ள சிட்டு அப்பாவுக்கு,

நானும் சிட்டுவும் நலம். அவளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனாலும் என் கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது, போகும்போதும் வரும்போதும் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். "நீ தொட்டுத் தொட்டே பிள்ளைக்குச் சூடு ஏத்திடுவ போலிருக்கு" என்று அக்கா திட்டுகிறாள். இருமல் மட்டும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. நீங்கள் சாப்பிடுகிறீர்களா? ஃப்ரிட்ஜில் கீழ்த்தட்டில் வைத்த பாலைக் கொட்டிவிடுங்கள், அது இந்நேரம் கெட்டிருக்கும்.

போனில் நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். கோபத்தில் வைக்கவில்லை. போனில் நீங்கள் எப்படியாவது பேச்சை ஒரு எண்ணில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறீர்கள், அப்புறம் எனக்கு வாய் அடைத்துப்போகிறது. கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பாருங்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

"ஆஸ்பத்திரியிலிருந்து நேரா அக்கா வீட்டுக்கு ஏன் போனே?" என்று கேட்டீர்கள். அன்றைக்கு நடந்தது உங்கள் கண்ணுக்கு எப்படிப் பட்டது என்று எனக்குத் தெரியாது. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

உச்சி வெயில். சிட்டு அனலாய்க் கொதிக்கிறாள், கண் சொருகுகிறது. அவளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தால், காரின் பின்சீட்டில் அவளுடைய குழந்தை இருக்கை இல்லை. எடை குறையட்டும் என்று அதைக் கழற்றிப் படிக்கட்டுக்கு அடியில் போட்டிருந்தீர்கள். மடியில் வைத்துக்கொண்டேன். ஏசி போடச் சொன்னேன். "கொஞ்ச தூரம்தானே" என்றீர்கள். ஏசி போட்டால் பேட்டரி இறங்கும், என்ஜின் ஓட ஆரம்பிக்கும், திரையில் மைலேஜ் எண் சரியும். இதெல்லாம் இந்த ஒரு வருஷத்தில் எனக்கும் மனப்பாடம். பாலத்தின் மேல் வண்டிகள் தேங்கி நின்றன. சிட்டு என்மேல் வாந்தி எடுத்தாள். புளித்த பால் நாற்றமும் பிளாஸ்டிக் வெந்த நாற்றமும் சேர்ந்து எனக்கே குமட்டியது. நான் சன்னல் பொத்தானில் கை வைத்தேன்.

"சன்னலை இறக்காதே, காத்து இழுக்கும்" என்றீர்கள்.

திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. கண் அந்தத் திரையிலேயே இருந்தது. அப்போது கார் நின்றுகொண்டிருந்தது. நிற்கிற காரைக் காற்று எப்படி இழுக்கும் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நான் சன்னலை இறக்கினேன், முன்னால் எட்டி ஏசியையும் போட்டேன். நீங்கள் உச்சுக் கொட்டினீர்கள். அந்தச் சத்தம்தான் என் காதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

சிட்டு அம்மா


ஏப்ரல் 14

அன்புக் கண்ணுக்கு,

கடிதம் வந்தது. வீடு வீடாகவே இல்லை. குளியலறைப் பக்கெட்டில் சிட்டுவின் ரப்பர் வாத்து மிதக்கிறது, எடுக்க மனசு வரவில்லை. பாலைக் கொட்டிவிட்டேன். பின்சீட்டைச் சோடாமாவு போட்டுத் தேய்த்தேன், நாற்றம் போகவில்லை. இது உனக்குத் திருப்தியாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

சன்னலைப் பற்றிச் சொன்னது தப்பு. ஒத்துக்கொள்கிறேன். பதற்றத்தில் வாயில் பழகின வார்த்தை வந்துவிட்டது. நீ எழுதுகிற மாதிரி நான் ராட்சசன் இல்லை, கண்ணு. ஆஸ்பத்திரி வாசலில் மருந்துக்கும் சீட்டுக்கும் நான் அலைந்ததை நீ ஏன் எழுதவில்லை?

என் பக்கத்தையும் கொஞ்சம் கேள். பாட்டில் மூடித் தொழிற்சாலையில் என்னை யாருக்குத் தெரியும்? ஓடுகிற பட்டையில் மூடிகள் வரிசையாக வரும், கோணல் மூடியைப் பொறுக்கித் தொட்டியில் போடுவேன், சாயங்காலம் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவேன். இணையத்தில் ஹைபிரிட் கார் ஓட்டுகிறவர்கள் குழுவில் அப்படி இல்லை. கார் கம்பெனி சொல்கிற மைலேஜை யாரும் நம்புவதில்லை. சொந்தக்காரர்கள் பதிவு செய்கிற எண்ணைத்தான் ஊரே பார்க்கிறது. அதில் லிட்டருக்கு முப்பத்திரண்டு என்று என் பெயர் முதல் வரியில் நிற்கிறது. 'மன்னா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். யாரென்றே தெரியாதவர்கள் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் கார் வாங்குகிறார்கள். உன் அக்கா வீட்டுக்காரர் வாங்கவில்லையா? அவரை டயரில் காற்றைக் கொஞ்சம் கூட வைத்து ஓட்டிப் பார்க்கச் சொல். ஆக்ஸிலேட்டரில் அவருக்குக் கால் கனம்.

உனக்கு ஆறுதலாக ஒன்று சொல்கிறேன். அன்றைக்கு ஓடின அந்த ஒரு டேங்க் பெட்ரோலை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. அன்றைக்கு ஏசி ஓடியது, ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றபடியே உறுமிக்கொண்டிருந்தது, மருந்துக்கடைக்கு அலைந்தது என்று எல்லாம் சேர்ந்து மைலேஜ் இருபதுக்கு வந்துவிட்டது. ஒரு வரிகூட எழுதாமல் விட்டுவிட்டேன். அன்றைக்கு ஓடினது ஒரு ஓட்டமா? அது விதிவிலக்கு. அந்த நாளே நம் வாழ்க்கையில் இல்லை என்று வைத்துக்கொள்வோம். எப்போது வருகிறாய்?

உன் அவர்


ஏப்ரல் 18

அன்புள்ள சிட்டு அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அக்காவிடம் காட்டவில்லை. காட்டக் கூச்சமாக இருந்தது. மருந்துக்கு அலைந்ததை நான் எழுதாமல் விட்டது சரியில்லைதான். அலைந்தீர்கள். சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது, பார்த்தேன்.

ஆனால் அந்த டேங்கைச் சேர்க்கவில்லை என்று எனக்கு ஆறுதலாகச் சொன்னீர்கள் பாருங்கள், அங்கேதான் கடிதத்தை மடித்துக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்க் கை கழுவினேன். ஏன் கழுவினேன் என்று தெரியவில்லை. தொட்ட கை பிசுபிசுத்த மாதிரி இருந்தது.

நான் கல்லூரியில் மூன்று வருஷம் புள்ளியியல் படித்தவள். கல்யாணத்துக்கு அப்புறம் அதைப் பால் டப்பாவில் கரண்டி எண்ணத்தான் பயன்படுத்தினேன். சிட்டு தூங்கின பிறகு அக்கா வீட்டுக்கார மாமாவின் கணினியில் உங்கள் குழுவின் பக்கத்தைத் திறந்து முழுக்கப் படித்தேன். படிக்கப் படிக்க, அடைத்துக்கொண்ட சாக்கடையைக் கிளறின மாதிரி ஒவ்வொன்றாக மேலே வந்தது. பாதிப் பேர் பங்கில் போட்ட பெட்ரோலைக் கணக்கிடுவதே இல்லை, காரின் திரை காட்டுவதை அப்படியே எழுதுகிறார்கள். அது எப்போதும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லும் என்று அவர்களே வேறோர் இடத்தில் சிரித்துக்கொண்டு எழுதியிருக்கிறார்கள். பங்கில் போட்டதை வைத்துக் கணக்கிடுகிறவர்களும் ஆரம்பத்தில் கழுத்துவரை நிரப்புகிறார்கள், கணக்கு முடிக்கும்போது பம்ப் முதல் தடவை நின்றதும் போதும் என்கிறார்கள். ஏசி ஓடுகிற கோடையில் பதிவே குறைவு. ஊருக்குள் அல்லாடின டேங்க் எவருக்கும் இல்லை. எல்லோருக்கும் ஏதோ ஒரு விதிவிலக்கு இருக்கிறது. ஒருவருக்கு மாமியார் வந்திருந்தார். ஒருவருக்கு மழை. உங்களுக்குச் சிட்டு.

நல்ல எண் வந்தவன் மேடை ஏறுகிறான். வராதவன் தன் கால்தான் சரியில்லை என்று வாயை மூடிக்கொள்கிறான். பாவம் மாமா. உங்கள் பேச்சை நம்பி வாங்கிவிட்டு, இருபத்திரண்டுக்கு மேல் வரவில்லை என்று அக்காவிடம்கூடச் சொல்லாமல் மறைத்திருக்கிறார். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஓட்டிப் பார்த்தாராம், கால் கனம் குறையட்டும் என்று. சிரித்துவிட்டு அப்புறம் எனக்கு அழுகை வந்தது. ஒரு தடவை துணிந்து பதிவு போட்டிருக்கிறார். மறுநாளே எடுத்துவிட்டார்களாம், 'நம்பத்தக்கதல்ல' என்று குறிப்போடு. அந்தப் பக்கத்தைச் சரிபார்க்கிறவர் யார் என்று கேட்டேன். அவர் பேச்சை மாற்றினார். நானே பார்த்துக்கொண்டேன், உங்கள் பெயர்தான் இருந்தது. மாமா என்று தெரிந்து எடுத்தீர்களா, தெரியாமல் எடுத்தீர்களா என்று நான் கேட்கப்போவதில்லை.

தொழிற்சாலையில் கோணல் மூடியைப் பொறுக்கிப் போட்டால் மிச்சம் நல்ல மூடி. அது நல்ல வேலைதான், அந்த வேலையில்தான் நாம் சாப்பிடுகிறோம். கணக்கிலும் அதே கையோடு பொறுக்கினால் மிச்சம் என்ன? கார் கோணல், ரோடு கோணல், பிள்ளைக்கு வருகிற காய்ச்சல் கோணல். அதையெல்லாம் பொறுக்கிப் போட்டுவிட்டு நீங்கள் மட்டும் நேராக நிற்கிறீர்கள்.

எனக்கு நகை வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். ஒன்றே ஒன்று செய்யுங்கள். அந்த டேங்கைப் பதிவு செய்யுங்கள். இருபது என்று போட்டு, பக்கத்தில் காரணமும் எழுதுங்கள்: குழந்தைக்குக் காய்ச்சல், ஏசி போட்டோம், சன்னலைத் திறந்தோம். அவ்வளவுதான். அது அந்தப் பக்கத்தில் இருந்தால் நான் வந்துவிடுகிறேன். எனக்கும் அக்கா வீட்டுச் சோபாவில் கழுத்து பிடித்துக்கொண்டது. சிட்டுவும் கதவு சத்தம் கேட்டால் "அப்பா" என்று எட்டிப் பார்க்கிறாள். இதை உங்களை அழ வைக்க எழுதவில்லை. பார்க்கிறாள், எழுதுகிறேன்.

சிட்டு அம்மா


ஏப்ரல் 25

அன்புக் கண்ணுக்கு,

நீ கேட்டதைச் செய்துவிட்டேன். உன் கடிதத்துக்கு முதலில் நாலு பக்கம் பதில் எழுதினேன், கிழித்துப் போட்டுவிட்டேன். உன்னோடு கணக்கில் ஜெயித்து நான் என்ன செய்யப்போகிறேன்?

அந்த டேங்க் இப்போது பக்கத்தில் இருக்கிறது. இருபது என்றுதான் இருக்கிறது, இருபத்தொன்றுகூட இல்லை. என் சராசரி சரிந்து மூன்றாவது இடத்துக்கு வந்துவிட்டேன். முதல் இடத்துக்கு வந்தவன் எனக்கு ஆறுதல் சொல்லி எழுதியிருக்கிறான், பல்லைக் கடித்துக்கொண்டு நன்றி சொன்னேன். மாமாவின் பதிவையும் திரும்பச் சேர்த்துவிட்டேன். தெரிந்துதான் எடுத்தேன். என் பேச்சை நம்பி வாங்கின என் வீட்டு ஆள் என்று குழுவில் தெரிந்தால் சங்கடம் என்றுதான். அவரிடம் நான் நேரில் பேசிக்கொள்கிறேன்.

குழந்தை இருக்கையை மறுபடி பொருத்திவிட்டேன். ஒரு வார் முறுக்கிக்கொண்டிருந்தது, எப்படித்தான் நீ தினமும் மாட்டினாயோ. பின்சீட்டு நாற்றம் போயே போய்விட்டது. சிட்டுவுக்கு வெயில் படாமல் இருக்கச் சன்னலுக்கு ஒரு திரை வாங்கி ஒட்டியிருக்கிறேன். மே நாலாம் தேதி ஞாயிறு, காலையிலேயே வந்துவிடுகிறேன். வழி முழுக்க ஏசிதான். நீ போதும் போதும் என்று சொல்கிறவரைக்கும்.

வாத்து இன்னும் பக்கெட்டில்தான் இருக்கிறது.

உன் அவர்


மே 2

சிட்டு அப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். இது உங்களுக்கு நாளைக்குக் கிடைத்துவிட வேண்டும் என்று மாமாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் கடிதம் வந்த அன்றைக்கு அக்கா என்னைப் பார்த்து, "முகத்துல இப்பத்தான் ரத்தம் ஓடுது" என்றாள். பையை எடுத்து வைத்தேன். சிட்டுவின் துணிகளைத் துவைத்து மடித்தேன். நீங்கள் எழுதினதை நம்பினேன். சரிபார்க்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை, சத்தியமாக. தன் பதிவு திரும்ப வந்துவிட்டதா என்று பார்க்க மாமாதான் பக்கத்தைத் திறந்தார். பார்த்துவிட்டுச் சட்டென்று கணினியை மூடினார். அவருக்கு மூடத்தான் தெரியும், மறைக்கத் தெரியாது. நான் திறந்து பார்த்தேன்.

இருபது என்று இருந்தது. சொன்னபடி செய்திருக்கிறீர்கள். பக்கத்தில், காரணம் எழுதுகிற இடத்தில், இரண்டு வார்த்தை: "மனைவி ஓட்டியது."

கீழே உங்கள் நண்பர்கள் எல்லோரும் வந்து சிரித்திருக்கிறார்கள். சாவியைப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள் மன்னா என்று ஒருவர். வீட்டம்மா கையில் கார், வீண் போச்சு பெட்ரோல் என்று ஒருவர் கவிதையே எழுதிவிட்டார். அதற்கு நீங்கள் கைகூப்புகிற படம் ஒன்று போட்டிருக்கிறீர்கள்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இதை உங்களுக்குச் சொல்ல வேண்டிய நிலைமை வந்ததே என்று இருக்கிறது.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். எண் சரிதானே, எண்ணைத்தானே கேட்டாய், ஒரு வார்த்தையில் என்ன இருக்கிறது என்பீர்கள். நாலு பேர் முன்னால் கொஞ்சம் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டேன் என்பீர்கள். முன்பு அருவருப்பு வந்தால் கை கழுவப் போவேன். இன்றைக்குப் போகவில்லை. என் துணியையும் சிட்டு துணியையும் பையிலிருந்து எடுத்து அக்காவின் அலமாரியில் ஒரு தட்டில் அடுக்கினேன்.

சிட்டுவை நீங்கள் பார்க்க வேண்டும் என்றால் வந்து பார்க்கலாம். நான் தடுக்கமாட்டேன். பேருந்தில் வாருங்கள்.

அந்த வார்த்தையை இனி மாற்றவும் வேண்டாம். மாற்றினால் அது எனக்காக மாற்றினதாக இருக்கும், நடந்தது என்பதற்காக இருக்காது. நான் கேட்டது என்னவோ ஒரே ஒரு வரி. அந்த வரியில் ஒரு பிள்ளை இருந்தாள். அன்றைக்கு அந்தக் காரில் நாம் மூன்று பேர் இருந்தோம். என்னைப் பின்சீட்டிலிருந்து எழுப்பி உங்கள் இடத்தில் உட்கார வைத்துவிட்டீர்கள். அவளைப் பாலத்தின் மேலேயே இறக்கி விட்டுவிட்டீர்கள்.

சிட்டுவின் அம்மா