வெயில் தாழக் காத்திருந்த நாள்

ஏலே,

இன்று காலை உன் வீட்டுக்காரி, மதினி, நம் ஸ்டுடியோவுக்கு வந்தார். கைப்பையிலிருந்து ஒரு வேப்பங்குச்சியை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். முழ நீளம் இருக்கும். ஒரு முனை கூராகச் சீவியிருந்தது, மறுமுனையில் உன் பழைய நீலச் சட்டைத் துணி கட்டியிருந்தது. கூர்முனையில் உன் களக்காட்டு மனையின் மண் ஈரத்தோடு ஒட்டியிருந்தது. அந்த மண்வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு உட்கார வேண்டும்போல இருந்தது, உட்கார்ந்துவிட்டேன்.

"கொத்தனாரு திங்கக்கிழமை மண்ணடிக்கணும்ங்காரு தம்பி. இத ஒண்ண மட்டும் பிடுங்கிக் குடுத்துவிட்டு, எல்லாக் குச்சியையும் பிடுங்கிப் போட்டிரலாமான்னு கேக்காரு. எந்தக் குச்சி எதுக்குன்னு அவுக ஒங்ககிட்ட சொல்லியிருப்பாவல்லா?"

நீ சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் என் வாய் "தெரியும் மதினி" என்றது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போதுவரை எனக்கே விளங்கவில்லை. பொய் சொல்வதற்கும் ஒரு முகவெட்டு வேண்டும், அது எனக்குக் கிடையாது என்று நீ எத்தனை தடவை சிரித்திருக்கிறாய்!

பாளையங்கோட்டையில் நாம் இரண்டு பேரும் கூட்டாக, இடங்களைச் சுற்றிப் படமெடுக்கும் இந்தத் தொழிலை ஆரம்பித்தபோது கல்யாண மண்டபம், ஓட்டல் அறை, நகைக்கடை என்று எல்லாம் கூரைக்குக் கீழேதான். கேமராவை முக்காலியில் நிறுத்துவது, அது ஒரு சுற்றுச் சுற்றும்வரை ஒளிந்துகொள்வது, இரண்டு எட்டு நகர்த்தி மறுபடி நிறுத்துவது. பார்க்கிறவர்கள் வீட்டிலிருந்தபடியே போனில் விரலால் தள்ளித் தள்ளி அந்த இடத்துக்குள் நடந்துகொள்ளலாம். சிக்கல் வெளியிடங்களில்தான் வந்தது. கேமரா நம் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் ஒன்றை வீசித்தான் தூரத்தை அளக்கிறது. நம் ஊர் வெயிலில் அந்த வெளிச்சம் போன இடம் தெரியாது. அளவு கிடைக்காத இடமெல்லாம் படத்தில் கறுப்பு ஓட்டையாக விழும்.

"சூரியன்கூட மல்லுக்கு நிக்காத லே. பைய, வெயிலு தாழட்டும்" என்பாய். எனக்கு எங்கே பொறுமை? ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தை எடுக்கப்போன அன்று, நீ டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, காலை பத்து மணி வெயிலில் நானே எடுக்க ஆரம்பித்துவிட்டேன். கொடிக்கம்பம் மூன்று இடத்தில் நின்றது. பாதி மைதானத்தைக் காணோம். நீ திரும்பி வந்து திரையைப் பார்த்தாய், திட்டவில்லை. "ஒரு கொடிக்கம்பத்துக்கு மூணு கம்பம், பள்ளிக்கூடத்துக்கு லாபம்தான்" என்று சொல்லிவிட்டு மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டாய். மாலை ஐந்தரைக்கு எழுந்து ஒரு ஓட்டை இல்லாமல் எடுத்து முடித்தாய்.

அன்றைக்கு வந்த வெட்கத்தில்தான் நான் உன்னைவிடக் கறார் ஆனேன். மேகம் இருந்தால் எடுப்பேன், வெயில் என்றால் முக்காலியைப் பிரிக்கவே மாட்டேன். வாடிக்கையாளர்கள் கோபித்துக்கொண்டு போனார்கள். போகட்டும் என்றேன். நீயே ஒருநாள், "கொஞ்சம் வளைஞ்சு குடுலே, எல்லாரும் ஓட்டைய எண்ணிக்கிட்டா இருக்கான்?" என்று கேட்டாய். நான் கேட்கவில்லை.

பிறகு உன் வயிற்றில் கட்டி என்றார்கள். இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் படுத்தாய். இடையில் வீட்டுக்கு அனுப்பிய நாட்களில் ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிக் களக்காட்டுக்குப் போய்விட்டாய். உன் அப்பா விட்டுப்போன மனை, பேஸ்மட்டம் வரைக்கும் கட்டி நிற்கிற வீடு, பின்னால் கிணறு, அதைத் தாண்டி அடுத்தவர் வாழைத்தோட்டம். நிற்கவே தெம்பில்லாத ஆள், வெறும் தரையில் பதினோரு குச்சி அடித்துவிட்டு வந்திருக்கிறாய். நான் கத்தினேன். "என்னது எங்கன வரணும்னு எல்லாம் அடையாளம் போட்டாச்சு. இனிமே கொத்தன் வந்தாப் போதும்" என்று நீ பாட்டுக்குச் சொன்னாய்.

மூன்றாவது தடவை படுத்தபோது டாக்டர் மதினியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அதன்பிறகு நீ ஒவ்வொரு நாளும் அந்தக் குச்சிகளைப் பற்றி மதினியிடம் சொல்லப் பார்த்தாய். கிணற்றுக்கு வடக்கே மூன்றாவது என்று ஆரம்பிப்பாய். மனையை அஸ்திவாரம் தோண்டின நாளுக்கப்புறம் பார்க்காத மதினி எந்த வடக்கு என்று கேட்பார். அதற்குள் உனக்கு மூச்சு வாங்கும். போனில் வீடியோ போட்டுக் காட்டலாம் என்றால் மலையடிவாரத்தில் சிக்னல் கிடையாது. போட்டோவில் எல்லாக் குச்சியும் ஒன்றுபோல இருக்கும். கடைசியில் என் கையைப் பிடித்தாய்.

"போயி மனையை எடுத்துட்டு வா லே. அவளைக் கூட்டிக்கிட்டு உள்ள நடந்து ஒவ்வொண்ணாச் சொல்லிருதேன்."

மறுநாள் ஏழரைக்கெல்லாம் மனையில் நின்றேன். பங்குனி மாதம், வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. அவசரம் தெரியும், அதனால்தான் அந்த வெயிலிலும் ஒன்பது இடத்தில் நிறுத்தி எடுத்துப் பார்த்தேன். ஆறு குச்சி தெரிந்தது. மற்ற ஐந்தும் இருந்த இடம் கறுப்பாகக் கிடந்தது, கிணறு பாதிதான் இருந்தது. அதை அப்படியே கொண்டுவந்து உன் கையில் தந்திருக்கலாம். ஒன்றரை மணி நேர வழிதானே? ஒன்பதரைக்கு உன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருப்பேன். நானோ, உனக்குத் தருகிற கடைசி வேலை ஓட்டையும் உடைசலுமாக இருக்கக் கூடாது என்று நினைத்தேன். எடுத்ததை அழித்துவிட்டு வாழை நிழலில் போய் உட்கார்ந்தேன்.

தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த பெரியவர் மத்தியானம்வரை பொறுத்துப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தார். "என்ன வே, காலைலேர்ந்து இங்கனயே உக்காந்திருக்கீரு? வந்த வேலைய முடிச்சிட்டுப் போவும்" என்றார். வெயில் தாழ வேண்டும் என்று அவருக்கு விளக்கம் வேறு சொன்னேன். கேமரா, வெளிச்சம், தூரம் என்று என்னென்னவோ சொன்னேன். மனுஷன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

களக்காட்டில் சூரியன் சீக்கிரமே மலைக்குப் பின்னால் போய்விடும், வெளிச்சம் மட்டும் மிச்சமிருக்கும். நம் தொழிலுக்கு அதைவிட நல்ல நேரம் இல்லை. நாற்பது இடத்தில் நிறுத்தி எடுத்தேன். கிணற்றின் கல் இடுக்கில் முளைத்த செடிகூட விழுந்திருந்தது. பதினோரு குச்சியும் அது அது இருந்த இடத்தில், நீலத்துணியோடு. ஒரு ஓட்டை இல்லை. என் வாழ்க்கையில் அப்படி ஒரு வேலை செய்ததில்லை. உன்னிடம் காட்டிப் பெருமையடிக்க வேண்டும் என்று மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

மெயின் ரோட்டுக்கு வந்ததும் போன் தொடர்ந்து அதிர்ந்தது. வண்டியை ஓரம் கட்டினேன். மதினியின் அழைப்புகள் வரிசையாக இருந்தன. அதற்கெல்லாம் முன்னால், காலை பதினொன்றுக்கு நீ பேசி அனுப்பியிருந்த குரல்.

"ஏலே, நீ வெயிலப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்ப, எனக்குத் தெரியும். உக்காராத. ஓட்டையோட கொண்டா. ஓட்டைக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்லா."

நாலு மணிக்கு நீ போய்விட்டாய். நாலு மணிக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் குரலை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருக்கும். உன்மேலும் கோபம்தான். பதினோரு குச்சிக்கும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்திருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்? எல்லாவற்றுக்கும் நேரம் இருக்கிறது என்று நினைத்தாயா? என்னைத் திட்டத் தெரிந்த உனக்கு அது தெரியவில்லையா?

இன்று காலை மதினியைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்த மனையைத் திறந்தேன். இத்தனை மாதத்தில் அவரிடம் அதைக் காட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. திரையில் விரலை வைத்து, அஸ்திவாரம் தோண்டின நாளுக்கப்புறம் முதல் தடவையாகத் தன் மனைக்குள் நடந்தார். பேஸ்மட்டத்தைச் சுற்றி வந்து முதல் குச்சிக்கு முன்னால் நின்றார். முருங்கை என்றேன். இரண்டாவதிடம் துணி துவைக்கிற கல் என்றேன். கொண்டுவந்திருந்த நோட்டில் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். பள்ளிக்கூடப் பிள்ளைபோல அத்தனை கவனமாக எழுதினார். அதைப் பார்க்க முடியாமல்தான் மூன்றாவதற்குக் கொஞ்சம் அழகாகச் சொல்லுவோம் என்று நினைத்தேன்.

"இது மல்லிப் பந்தல் மதினி. ஒங்களுக்குன்னு சொன்னான்."

எழுதப்போன கை நின்றது.

"மல்லிப்பூ வாசம் எனக்குத் தலைவலி தம்பி. கல்யாணத்துக்கு மறுநாளே அவுககிட்ட சொல்லிட்டேன். அன்னையிலேர்ந்து ஒரு முழம் வாங்கினதில்ல."

நான் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எழுந்து போய்விடுவார், நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போவார், அதுதான் நியாயம் என்று காத்திருந்தேன். மதினி நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். நோட்டில் மூன்று என்று போட்டு மல்லிப் பந்தல் என்று எழுதினார்.

"மிச்சத்தையும் சொல்லுங்க."

தலை வலிக்கிறது, நாளைக்குச் சொல்லுதேன் என்று அனுப்பிவைத்தேன். சரி என்று நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

நாளைக் காலை பத்து மணிக்கு வருவார் லே. இன்னும் எட்டுக் குச்சி இருக்கிறது.