உன் விருந்துக்கு ஒரு தகுதிச் சுற்று

பாபகூரா, ஆக்லாந்து
10-6-2025

அன்பு மகள் தேவதர்ஷினிக்கு அம்மா எழுதுவது,

இங்கே நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மூளைக்கும் குறையில்லாமல் இருப்பது எங்களில் ஒருவர்தான், அது யார் என்று படித்து முடிக்கும்போது நீயே தெரிந்துகொள்வாய். நீயும் மாப்பிள்ளையும் புக்கரெஸ்ட்டில் சளி காய்ச்சல் இல்லாமல் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கப் பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறேன். போனில் சொல்லாமல் இவள் ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். விருந்துக் கமிட்டியின் நாலாவது விதிப்படி போட்டியில் இருக்கும் எந்த வீட்டாரும் உன்னோடு போனிலோ வாட்ஸ்அப்பிலோ பேசி உன் மனதைக் கலைக்கக் கூடாது. கடிதத்தைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை, இந்தக் காலத்தில் யார் எழுதப் போகிறார்கள் என்று உன் அப்பா விட்டுவிட்டார். மூன்று வாரமாக நீ கூப்பிட்டும் நான் எடுக்காததற்கு இதுதான் காரணம், கோபமெல்லாம் ஒன்றும் இல்லை கண்ணு.

எல்லாம் எப்படி ஆரம்பித்தது என்று சொல்கிறேன். உங்கள் கல்யாணம் சென்னையில் நடந்ததால் நம் வீட்டாரைத் தவிர இங்கிருந்து யாரும் வர முடியவில்லை, அதனால் ஜூலை பன்னிரண்டாம் தேதி நீங்கள் வந்து இறங்கியதும் பொண்ணு மாப்பிள்ளைக்கு எங்கள் வீட்டில்தான் விருந்து என்று பத்து வீட்டார் பிடித்துக்கொண்டார்கள். மாப்பிள்ளைக்கு லீவு ஒரு வாரம், அப்படியென்றால் விருந்து ஏழு. உன் அண்ணன் வெற்றி கல்யாணத்தின்போது இதேபோல நாள் போதாமல் ராமநாதன் அண்ணன் வீட்டுக்குப் போகாமல் விட்டோம், அண்ணனும் சாந்தா அக்காவும் இரண்டு வருஷம் நம்மோடு முகம் கொடுத்துப் பேசவில்லை என்பது உனக்கே தெரியும். உன் அப்பாவுக்கு அது இன்னும் உறுத்தல். இந்தத் தடவை ஒருத்தர் மனசும் நோகக் கூடாது, எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும் என்றார். அவர் முறை என்று வாயைத் திறந்தாலே நான் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொள்வேன்.

இதில் பாதித் தப்பு மாப்பிள்ளை மேல்தான், இதை அவரிடம் பக்குவமாகச் சொல். மார்ச் மாதம் அவர்தானே வீடியோவில் உப்புக் குப்பியையும் கரண்டிகளையும் மேஜையில் பரப்பி வைத்து, ருமேனியா அடுத்த ரக்பி உலகக் கோப்பைக்குள் எப்படி நுழைந்தது என்று அப்பாவுக்குப் பாடம் எடுத்தார். இங்கிலாந்து, பிரான்ஸ் மாதிரி பெரிய அணிகள் ஆறும் போன கோப்பையில் தங்கள் பிரிவில் முதல் மூன்று இடத்துக்குள் வந்ததால் நேராக உள்ளே போய்விட்டனவாம். மிச்ச ஐரோப்பிய அணிகளில் எட்டு, நாலு நாலாகப் பிரிந்து மோதி, ஒவ்வொரு பிரிவிலும் முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் கோப்பை நடக்கப்போகும் ஆஸ்திரேலியாவுக்கு டிக்கெட் வாங்கினார்களாம், ஐந்தாவதாக வந்தவர் மற்ற கண்டத்து மிச்சங்களோடு கடைசி ஒரே இடத்துக்கு மல்லுக்கட்ட வேண்டுமாம். நம் நியூசிலாந்து அணி உலகக் கோப்பைக்குத் தகுதிச் சுற்று என்று ஒன்றை ஆடியதே கிடையாது, அதனால் இருபத்திரண்டு வருஷம் ரக்பி பார்த்தும் உன் அப்பாவுக்கு இதெல்லாம் புதுசு. மறுநாளே கடைக்குப் போய் இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கிவந்தார். அப்போதே நான் அதை ஒளித்து வைத்திருக்க வேண்டும்.

விருந்துக்கும் அதே முறைதான். நம் வீட்டுக் குளியலறையை உடைத்துப் போட்டிருப்பதால் நீங்கள் எல்லர்ஸ்லியில் உன் அண்ணன் வீட்டில்தானே தங்குகிறீர்கள், போட்டியை நடத்தும் நாட்டுக்குத் தகுதிச் சுற்று கிடையாது என்பதால் வெற்றியும் வைஷாலியும் நேராக உள்ளே. போன தடவை நாம் செய்த பாவத்துக்காக ராமநாதன் அண்ணன் வீடும் நேராக உள்ளே. மிச்சம் எட்டு வீடு, இரண்டு பிரிவு, மூன்று ஞாயிற்றுக்கிழமை, மனுகாவில் வாடகைக்கு எடுத்த ஹாலில் முதல் வாரம் ரசம், அடுத்த வாரம் வத்தக்குழம்பு, கடைசி வாரம் பாயசம். ஜெயித்தால் நாலு புள்ளி, நாலு பேர் இரண்டாம் முறை கேட்டு வாங்கினால் ஒரு போனஸ் புள்ளி, கொஞ்சத்தில் தோற்றால் ஆறுதலுக்கு ஒன்று. பிரிவுக்கு இரண்டு வீடு தேறும், ஏழாவது விருந்துக்கு மறுவாய்ப்புச் சுற்று. நடுவர் சபாரத்தினம் அண்ணன். அவருக்குச் சர்க்கரை வியாதி, ஒரு கரண்டிக்கு மேல் சாப்பிட மாட்டார், அதனால் யாரும் அவரை வளைக்க முடியாது என்று ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த எட்டு வீட்டுப் பட்டியலில் நம் வீட்டையும் பார்த்தபோது ஏதோ எழுத்துப் பிழை என்றுதான் முதலில் நினைத்தேன். பெற்றவளையுமா தகுதிச் சுற்றில் நிறுத்துவீர்கள் என்று கேட்டதற்கு, ஐரோப்பாவில் எந்த நாட்டுக்கும் பெற்ற நாடு என்று சலுகை கிடையாது, நடத்துகிறவனே சலுகை எடுத்தால் ஊர் என்ன பேசும் என்கிறார்.

சரி, சமைத்தே காட்டுகிறேன் என்று இறங்கினேன். எங்கள் பிரிவில் நாம், செல்வராஜ் வீடு, வித்தியா வீடு, பிருந்தனும் அவன் கூட்டாளிகள் இரண்டு பேரும் இருக்கும் வீடு. பிருந்தன் வீட்டு ரசம் வெந்நீரில் தக்காளியைக் காட்டி எடுத்தது மாதிரி இருந்தது, மூன்று வாரத்திலும் அவர்களுக்கு ஒரு புள்ளிகூட இல்லை. நான் மூன்றிலும் ஜெயித்து முதலிடம். என் வத்தக்குழம்பை ஆறு பேர் திரும்பக் கேட்டார்கள், அதில் சாந்தா அக்காவும் ஒருத்தி, கேட்டுவிட்டு எங்கள் மலேசியாவில் இதைவிட நன்றாக வைப்போம்லா என்றும் சொன்னாள். அது போகட்டும். செல்வராஜ் இரண்டாமிடம், ஆனால் சமைத்தது அவர் மனைவி இல்லை, இதற்காகவே மதுரையிலிருந்து விசிட்டர் விசாவில் வரவழைத்த மாமியார். அந்த அம்மாவின் பாயசத்தைக் குடித்ததும் உன் அப்பா முகம் மாறியதை நான் பார்த்தேன். எங்கே நான் தோற்றுவிடுவேனோ என்று பயந்துவிட்டார் மனுஷன், எனக்காகத்தான் பயந்தார். அன்றைக்கே நோட்டில் புது விதி எழுதினார். ரக்பியில் ஒரு நாட்டுக்கு ஆட வேண்டுமானால் அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது பெற்றோரோ தாத்தா பாட்டியோ அங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் தொடர்ந்து அறுபது மாதம் அங்கே குடியிருந்திருக்க வேண்டுமாம். போன கோப்பைக்குத் தேறிய ஸ்பெயின், ஒரே ஒரு ஆட்டக்காரரின் குடியிருப்புக் கணக்கு சரியில்லாமல் புள்ளி பறிபோய் வெளியேற, அந்த இடத்தில்தான் மாப்பிள்ளையின் ருமேனியா உள்ளே போனதாம். ஆகவே விருந்து நாளன்று, சமைக்கிறவர் அந்த வீட்டில் அறுபது மாதம் குடியிருந்திருக்க வேண்டும். மதுரை அம்மா வந்து இருபத்தாறு நாள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஹாலில் விதியை வாசித்தார். செல்வராஜ் சண்டை போடவில்லை, டீயை உறிஞ்சியபடியே, அண்ணே நீங்க பாபகூரா வீட்டுக்கு எப்ப வந்தீங்க என்று மட்டும் கேட்டார். எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. உனக்கு நினைவிருக்கும், ஆனி மாதமே சாவி கையில் வந்துவிட்டது, அப்போதே குடிபோயிருந்தால் கணக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். ஆடியில் பால் காய்ச்சக் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்று ஆவணிக்குத் தள்ளியவள் நான்தான். உன் அப்பா நம் வீட்டு ஃபைலைத் திறந்து, விரல் விட்டு எண்ணி, இன்னொரு தடவை எண்ணி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, ஐம்பத்தெட்டு மாதம் என்று தன் வாயாலேயே சொன்னார். மதுரை அம்மாவே பாவப்பட்டு, ஐயோ பெத்தவங்கள விட்டுருங்க என்றார்கள். சபாரத்தினம் அண்ணன் மட்டும் அசையவில்லை. "ஓம் குமாரசாமி, நீர் எழுதின விதி உமக்கும்தான்" என்றார். முதலிடமும் போயிற்று, இரண்டாமிடமும் போயிற்று, வித்தியா வீடு தேறியது, ஆறு வருஷமாக வீட்டுக்காரர் வாடகையை ஏற்றாததால் இடம் மாறாமல் இருக்கும் பிருந்தன் வீடு ஒரு புள்ளியும் இல்லாமல் தேறியது. ஸ்பெயினுக்கு மறுவாய்ப்பும் கிடைக்கவில்லை, அதனால் நமக்கும் இல்லை. புதன்கிழமை உங்களுக்கு அந்த ரசம்தான், பையன்கள் ஆசையாகச் செய்வார்கள், முகம் சுளிக்காமல் குடித்துவிடு.

எனக்கு அழுகை வந்தது என்பதை மறைக்கவில்லை. ஒன்றரை வருஷம் கழித்து வருகிறாய், உன்னை உட்கார வைத்து ஒரு வேளை சோறு போட நான் யாரிடம் போய்த் தகுதி வாங்க வேண்டும்? வீட்டுக்கு வந்து இரண்டு நாள் நான் உன் அப்பாவோடு பேசவில்லை. அவரும் சரியாகச் சாப்பிடவில்லை, நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நிற்பதும் போவதுமாக இருந்தார். விதியை அழித்துவிடுங்களேன் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அழித்திருப்பார். ஆனால் அழித்தால் செல்வராஜ் வீட்டையும் சேர்க்க வேண்டும், வித்தியாவையும் பையன்களையும் வெளியே தள்ள வேண்டும், இன்னும் இரண்டு வீட்டோடு முகம் முறியும். அதை அவர் தாங்க மாட்டார் என்று தெரிந்து நானும் கேட்கவில்லை. இன்று காலை என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "கார் எந்த வீட்டுக்கும் சொந்தமில்ல சுந்தரி, அது பொது மைதானம். அங்க என் விதி செல்லாது."

அதனால் நன்றாகக் கேட்டுக்கொள். விமான நிலையத்துக்கு நாங்கள் இரண்டு பேர் மட்டும் வருவோம், வெற்றியை வர வேண்டாம் என்று சொல்லியாயிற்று. எல்லர்ஸ்லி அங்கிருந்து அரை மணி நேரம்தான், ஆனால் உன் அப்பா பாபகூரா வழியாகத்தான் ஓட்டப் போகிறாராம், அது நேர் எதிர்த்திசை என்று மாப்பிள்ளை மேப்பைப் பார்த்துச் சொன்னால் அவர் காலை நீ மிதி. நம் வீட்டு வாசலில் காரை நிறுத்துவார். நீங்கள் இருவரும் இறங்கக் கூடாது, உள்ளே காலெடுத்து வைத்தால் அது விருந்துக் கணக்கில் சேர்ந்துவிடுமாம். நான் மட்டும் இறங்கி உள்ளே போய், கல்லில் தோசை ஊற்றி, சூடாக ஒவ்வொன்றாகக் கார் ஜன்னலில் கொண்டுவந்து கொடுப்பேன். மழைக்கு உன் அப்பா குடை பிடிக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்.

ஜூலையில் இங்கே குளிர் எலும்பைத் துளைக்கும், கம்பளிச் சட்டையைப் பெட்டியில் வைக்காமல் கையில் வைத்துக்கொள். மாப்பிள்ளைக்கு என் ஆசி, அவர் இனி உன் அப்பாவுக்கு எந்தப் போட்டியின் முறையையும் விளக்க வேண்டாம். இரண்டு பேரும் குறைவில்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக, நூறு வருஷம் நன்றாக இருங்கள். விமானத்தில் கடைசியாகக் கொடுக்கும் சாப்பாட்டை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடு, மறந்துவிடாதே. பசியோடு வா.

காரில் பின்சீட்டில், ஜன்னல் பக்கமாக உட்கார்.

உன் வரவுக்கு மாவரைக்கக் காத்திருக்கும்
அம்மா சுந்தரி