கிணற்றுக்குச் சுவர் இல்லை

14-7-1958, திங்கள்
இன்று பள்ளிக்கூடத்தில் சோறு குழைந்துவிட்டது. பிள்ளைகள் ஒன்றும் சொல்லாமல் தின்றன. முன்பென்றால் ரங்கன், "ஏனுங்க அக்கா, இது சோறுங்களா பசைங்களா?" என்று கேட்டிருப்பான். இப்போது என் சமையலில் யாரும் குறை சொல்வதில்லை. பாவம் பார்க்கிறார்கள்.

என் மகள் மரியபுஷ்பம் ஊர்க் கிணற்றில் தவறி விழுந்து மூன்று வாரம் ஆகிறது. தண்ணீர் சேந்தப் போனவள். பத்து வயது. அதற்குப் பிறகு நான் ஆற்றுக்குத்தான் குடத்தோடு போகிறேன். தூரம்தான். இருக்கட்டும்.

16-7
அவள் வகுப்புப் பிள்ளைகள் ஊர்ப்படம் போடுகிறார்கள். தோமினிக் வாத்தியார் ஆதாரப் பள்ளிப் பயிற்சி முடித்து வந்தவர். புத்தகத்தை மூடிவிட்டு ஊரைப் படியுங்கள் என்பார். வெற்றிலைக் கொடிக்கால், கோயில், வாய்க்கால் என்று ஆளுக்கு ஒன்று; கடைசியில் எல்லாம் சேர்ந்து ஒரே பெரிய படம். போட்டதைச் சுவரில் ஒட்டவேண்டும். மற்றவர்கள் முதலில் நல்லது சொல்லி, பிறகு குறை சொல்லவேண்டும். போட்டவனைச் சொல்லக்கூடாது, படத்தைத்தான் சொல்லவேண்டும். கேட்டுக்கொண்டு அவன் திரும்பப் போடவேண்டும்.

ரங்கன் போட்ட வாய்க்கால் மேட்டில் ஏறுகிறது. "உன்ற ஊட்டுத் தண்ணி மட்டும் மேல ஏறுமாடா?" என்றாள் பொன்னாயி. எல்லோரும் சிரித்தார்கள். அவன் மறுபடி போட்டான்.

சமையல்கட்டுக்கு எல்லாக் குரலும் கேட்கிறது. அவள் குரல்தான் இல்லை.

21-7
கிணறு என் மகள் பங்கு. விழுவதற்கு முந்தின வாரமே போட்டுக் கொடுத்திருக்கிறாள். இன்று அதை ஒட்டினார்கள். "நல்லா இருக்குதுங்க", "நல்லா இருக்குதுங்க". அவ்வளவுதான். குறை சொல்ல ஒருவரும் வாய் திறக்கவில்லை, வாத்தியாரும் கேட்கவில்லை. மூலையில் சிலுவை போட்டு, பெயர் எழுதி, அப்படியே பெரிய படத்தில் சேர்க்கப்போகிறார்களாம்.

கரண்டியும் கையுமாகப் போய்ப் பார்த்தேன். கிணற்றைச் சுற்றி இடுப்பளவு சுவர் போட்டிருக்கிறாள். அஸ்தம்பட்டியில் என் அண்ணன் வீட்டுக் கிணறு அப்படித்தான் இருக்கும். அதைப் பார்த்துப் போட்டாளா? இங்கேயும் வேண்டும் என்று போட்டாளா?

எங்கள் ஊர்க் கிணற்றுக்கு ஏது சுவர்? தரையோடு தரை, ஓரமெல்லாம் சேறு. சுவர் இருந்திருந்தால் —

22-7
எழுத ஒன்றுமில்லை.

24-7
அடுத்த மாதம் பிளாக் அதிகாரி வருகிறார். படத்தைக் காட்டி, ஊருக்கு வேண்டியதைப் பிள்ளைகளே கேட்பார்களாம். கிணற்றுக்குச் சுவரும் கேட்பார்களாம். படத்தில்தான் சுவர் இருக்கிறதே! இருப்பதை ஏன் கேட்கிறீர்கள் என்று அவர் போய்விட மாட்டாரா? வாத்தியாருக்குக்கூடவா தோன்றவில்லை? தோன்றியிருக்கும். செத்த பிள்ளை போட்டது. யார் சொல்வார்கள்.

அப்ப நான் சொல்லணுமா? பெத்தவளா சொல்லணும்? என்னால முடியாது. மாதாவே, முடியாது.

28-7, திங்கள்
சொல்லிவிட்டேன்.

பிள்ளைகள் படத்தின் முன் உட்கார்ந்திருந்தார்கள். போய் நின்றேன். "நல்லது மொதல்ல சொல்லணுமில்ல? கல்லு ஒவ்வொண்ணும் பொறுமையாப் போட்டிருக்குது. ஆனா நம்ம கெணத்துக்குச் சுவரு இல்ல சாமி" என்றேன். பொன்னாயி அழுதுவிட்டாள். வாத்தியார் படத்தின் கிட்டே போய்ப் பார்த்தார். பிறகு, "யார் திருத்திப் போடறீங்க?" என்றார். ஒருவரும் எழவில்லை. ரங்கன் மட்டும், "புஷ்பம் படத்த நாங்க தொடமாட்டமுங்க" என்றான்.

"அப்ப நீங்களே போடுங்கம்மா" என்றார் வாத்தியார்.

29-7
வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிட்டது. "என்ற புள்ள கையில போட்டத தப்புன்னு சொல்ல உனக்கு எப்படி மனசு வந்துச்சு?" என்றார். பதில் சொன்னேன். காதில் வாங்கவில்லை. சாப்பிடாமல் போய்விட்டார்.

1-8
மூன்றாம் வகுப்போடு நின்றவள். பென்சில் பிடித்தே எத்தனையோ வருஷம். போட்டு ஒட்டினேன்.

"உருண்டையா நல்லா இருக்குதுங்க அக்கா. ஆனா பாத்தாக் குடமாட்டம் இருக்குதுங்க" என்றான் ரங்கன். "சேறு எங்கீங்க? வழுக்கறதே அங்கதானுங்க" என்றது ஒரு பிள்ளை. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டது. "சொல்லு கண்ணு, அதத்தான் சொல்லணும்" என்றேன்.

திரும்பப் போட்டேன். திரும்பத் திரும்பப் போட்டேன். சேற்றையும் போட்டேன்.

2-8
அவள் படத்தை வாத்தியார் என்னிடம் கொடுத்தார். வீட்டுக்காரர் வாங்கித் தன் பெட்டியில் வைத்துக்கொண்டார். என்னோடு பேச்சில்லை.

20-8
அதிகாரி ஜீப்பில் வந்தார். படம் பிரமாதம் என்றார். பொன்னாயி திக்காமல் கேட்டாள்: "எங்க கெணத்துக்குச் சுவரு வேணுமுங்க."

"கிணறு என்ன ஆழம்? வாய் எவ்வளவு அகலம்?"

யாருக்கும் தெரியவில்லை. வாத்தியாருக்கும் தெரியவில்லை. "அளவு இல்லாம எஸ்டிமேட் எப்படிப்பா போடறது? அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றார். இளநீர் குடித்துவிட்டுப் போனார். நல்ல மனிதர்தான். அவரைத் திட்டவும் முடியவில்லை.

இதற்கா என் பிள்ளை படத்தை எடுக்கச் சொன்னேன்?

12-9
நாமக்கல் பொருட்காட்சியில் படத்துக்கு முதல் பரிசாம். கண்ணாடிச் சட்டம் போட்டுத் தந்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்குச் சந்தோஷம். நான் பாத்திரம் கழுவினேன்.

19-9, வெள்ளி
பிள்ளைகள் கயிற்றோடு சமையல்கட்டுக்கு வந்தார்கள். முழத்துக்கு ஒரு முடிச்சு, நுனியில் கல். "படத்துல அளவு இல்லாததும் கொறைதானுங்களே அக்கா. நாங்க கெணத்தோரம் போகக்கூடாது, ஊருல கேட்டு அளக்க வெக்கணும்னு வாத்தியார் சொல்லிட்டாரு. பெரியவிய ஆராச்சும் மொதல்ல ஆழத்த அளந்து தரணுமுங்க, அகலம் அப்பறமுங்க." ஊரில் கேட்டுப் பார்த்தார்களாம். வாரோம் வாரோம் என்றார்களாம், ஒருவரும் வரவில்லையாம்.

சுவர் வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. வந்தால் மட்டும் என்ன? என் பிள்ளை வரப்போகிறாளா?

எல்லோரையும் வேப்பமரத்தடியில் நிற்கச் சொன்னேன். நான் மட்டும் போனேன். சேற்றில் காலை ஊன்றிக் கயிற்றை விட்டேன். கல் அடியில் போய்த் தட்டுகிறவரை விட்டேன். இழுத்து வந்து கொடுத்தேன். முடிச்சுகளை ரங்கன் எண்ணினான். நான் எண்ணவில்லை.

பொன்னாயி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "ஒருக்கா அளந்தாப் பத்தாதுங்க அக்கா. சரியான்னு இன்னொருக்கா பாக்கணுமுங்க."

மறுபடியும் போய்க் கயிற்றை விட்டேன்.