மலைக்காற்றும் மகளின் இழுப்பும்

என்னங்க,

நீங்கள் டியூட்டி முடிந்து வரும்போது நாங்கள் இருக்க மாட்டோம். குட்டியைக் கூட்டிக்கொண்டு மலையிறங்கி அக்கா வீட்டுக்குப் போகிறேன். சாப்பாடு அடுப்புமேல் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்ளுங்கள். என் சாவியை ஆணியில் மாட்டிவிட்டேன்.

மலைக்காற்று பட்டால் அவள் இழுப்பு பறந்துபோகும் என்றுதானே என் வேலையை விடச்சொல்லி இங்கே கொண்டுவந்தீர்கள்? வந்ததிலிருந்து பிள்ளை நிம்மதியாக மூச்சு விடவில்லை. சுவரில் பூஞ்சை பிடித்திருப்பதைக் காட்டினேன். “எல்லாம் பழகிடும்” என்றீர்கள். நேற்று டாக்டர், “இந்த ஈரம் குழந்தைக்கு ஆகாதும்மா, கீழ கூட்டிட்டுப் போயிடுங்க” என்றார். அதைச் சொன்னதற்கு, “உனக்கு இந்த ஊர் பிடிக்கல. அதுக்கு அவ ஒரு சாக்கு” என்றீர்கள். அந்த வார்த்தையை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை.

சாயந்திரம் வீட்டுக்காரர் வருவார். அலமாரியை நகர்த்தி அவருக்குச் சுவரைக் காட்டுங்கள். நீங்களும் ஒரு தடவை பாருங்கள்.

பி.கு.: “அப்பா வரலையா?” என்று கேட்டாள். “லீவு கிடைக்கலடி” என்று உங்களுக்காகப் பொய் சொன்னேன். மறுபடி கேட்டால் போனை அவள் கையில் கொடுத்துவிடுவேன். ஏன் வரவில்லை என்று நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.