தொட்டித் தண்ணிக் கடல்

அண்ணே,

போன ஞாயிற்றுக்கிழமை சினிமாக் கொட்டகை வண்டி நம் தெருவுக்கு வந்தது. அதே ஜட்கா, அதே கரகர மைக். வண்டிக்குப் பின்னால் ஓடி நோட்டீஸ் பொறுக்குகிற வயது எனக்குத் தாண்டிவிட்டது என்று அம்மா சொல்லுவாள். அதனால் ஓடாமல் வேகமாக நடந்து பொறுக்கினேன். ரோஸ் தாள், மை காயாத வாசனை. திருப்பிப் பார்த்தேன். சாய்ந்த கப்பல் ஒன்று, அதன் தலைக்கு மேல் ஓர் அலை. "முழுநீள வண்ணப் படம். குலைநடுங்க வைக்கும் புயல் காட்சிகள்." அம்மா கண்ணில் படாமல் அதைப் பாவாடை மடிப்பில் செருகிக்கொண்டேன். தெருவுக்கே கத்துகிற மைக்கை எங்கே செருக?

வெங்காயமும் கூரை ஓடும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போன உங்கள் பாய்மரத் தோணி திரும்பாமல் ஐந்து மாதம் ஆகிறது. உன்னோடு போன மற்ற ஐந்து பேர் வீட்டிலும் இறந்தோர் பூசை வைத்துவிட்டார்கள். அம்மா மட்டும் வைக்கவில்லை. மாதா கோயில் பீடத்தில் நின்று சாமியார் உன் பெயரை வாசித்துவிட்டால் அப்புறம் நீ வரவே முடியாது என்று அவளுக்குப் பயம். வெளியே அவளைக் கேலி செய்தாலும் உள்ளுக்குள் நானும் அதையேதான் நம்பிக்கொண்டிருந்தேன்.

நீ கரையில் இருந்த நாளெல்லாம் நமக்குப் படம்தான். 'கரைக்கு வந்தவனுக்குத் தரை டிக்கெட்' என்று நான் சொன்னதை, நீயே யோசித்ததுபோலத் துறைமுகம் முழுக்கப் பரப்பிவிட்டாய், திருடன். ஆண்கள் பக்கம் நீ, பெண்கள் பக்கம் நான், நடுவில் இடுப்பளவுச் சுவர். உன் விமரிசனம் ஒரு வரியைத் தாண்டாது. கதாநாயகியைப் படகில் ஏற்றிப் பாட்டுப் பாடியவனைப் பார்த்து, "துடுப்பைத் திருப்பிப் பிடிச்சிருக்கான், அந்தப் பிள்ள கரை சேராது" என்றாய். "அவன் மூஞ்சியைப் பாத்தா அவளே குதிச்சிருவா" என்று சுவருக்கு இந்தப் பக்கமிருந்து நான் கத்தினேன். கொட்டகையே சிரித்தது. எனக்கு வீட்டில் பூசை விழுந்தது, வேறு வகைப் பூசை.

அங்கே நீ மட்டுமா? பாதிக் கொட்டகை தோணிக்காரர்கள். திரையில் கடல் வந்தால் போதும், எல்லாரும் கப்பலை ஓட்டத் தொடங்கிவிடுவார்கள். "ஏலே, பாயை இறக்குலே!" "சுக்கானை விட்டுட்டு அவளை என்னத்துக்குலே பிடிக்கே?" இந்தக் கூச்சலில் கதாநாயகன் பேசிய வசனம் ஒன்றுகூட நமக்குக் கேட்டதில்லை.

துளியைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவன் நீதான். "துளி கப்பல் சன்னல் அளவுக்கு உருண்டு விழுந்தா அது தொட்டித் தண்ணி. கப்பல் பொம்மை. நெசக் கடல்ல தண்ணி பொடியாப் பறக்கும்ளா." வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் இதையே சொல்லுவாய். படமே பார்க்காதவள் பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்பாள்: "இன்னைக்கும் தொட்டிதானா?"

நீ போன பிறகு நான் பார்த்தவை இரண்டு. இரட்டை வேடப் படம் ஒன்று. ஒருத்தனையே தாங்க முடியவில்லை. இன்னொன்று மாமியார் கொடுமை. மாமியார் பிரமாதம், மருமகள் அழுத அழுகையில் உப்பளமே போடலாம். இரண்டிலும் கடல் கிடையாது. விசாரித்துக்கொண்டுதான் போனேன்.

மூன்றாவதற்கு என்னை இழுத்துக்கொண்டு போனவள் அம்மா.

"ஏளா, அந்தக் கப்பல் படத்துக்கு என்னைக் கூட்டிட்டுப் போ."

"ஒனக்கு எதுக்கும்மா அது?"

"கண்ணை மூடினா அதுதான் வருது. எப்படி இருந்திருக்கும்னு ஒரு தடவை பாத்திருதேன்."

படப்பெட்டி இன்னும் வரவில்லை என்றேன். படத்தை மாற்றிவிட்டார்கள் என்றேன். எலி திரையைக் கடித்துவிட்டது என்றுகூடச் சொன்னேன். "ஒன் வாயில என்னைக்கு நெசம் வந்திருக்கு? கிளம்பு" என்று முக்காட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

மேட்னி ஷோ. தரை மணலில், கோயிலில் உட்காருவதுபோல நிமிர்ந்து உட்கார்ந்தாள். இடைவேளை வரை காதலும் பாட்டும்தான். நான் வாங்கிய முறுக்கு கடிபடாமல் கையிலேயே இருந்தது. அப்புறம் திரை இருண்டது, காற்று வந்தது. நான் துளியை மட்டுமே பார்த்தேன். மாதாவே, பெரிசா விழணும், பெரிசா விழணும் என்று வேண்டிக்கொண்டேன்.

அலை உடைந்தபோது தண்ணீர் உப்புத்தூள் மாதிரிப் பறந்தது.

எங்கேயோ நிஜக் கடலில், நிஜக் காற்றில், நிஜமான ஒரு தோணியை விட்டு எடுத்திருக்கிறார்கள். பாய் கிழிந்து அடித்துக்கொண்டது. ஒருவன் பாய்மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தான். முகம் தெரியவில்லை, முதுகு மட்டும்.

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். "ஏளா, இது தொட்டிதானே? அவன் சொல்லுவானே."

"ஆமாம்மா. தொட்டிதான். ஓரம்கூடத் தெரியுது பாரு."

அண்ணே, இதுவரை நான் சொன்ன பொய்யெல்லாம் சிரிப்புக்கு. இது ஒன்றுதான் பயத்தில் சொன்னது. குரல் நடுங்காமல்தான் சொன்னேன். ஆனால் அம்மாவின் காது என்னிடம் இல்லை, சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. அங்கே ஒருவரும் கத்தவில்லை. வேம்பார்த் தோணிக்காரர்கள், புன்னைக்காயல்காரர்கள், உன் கூட்டாளிகள் எல்லாரும் இருந்தார்கள். யாரோ ஒரு பெரியவர் குரல் "பாயை..." என்று எழுந்து, அங்கேயே நின்றுவிட்டது. பிறகு மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும்.

அம்மா என் கையை விட்டாள். உனக்கு ஒரு வரியில் சொல்கிறேன்: கடல் சரியாக இருக்கிறது, இனி நான் கடல் படம் பார்க்கமாட்டேன்.

வீட்டுக்கு வந்து வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அந்தப் பக்கம் ஒருத்தனும் வாயைத் திறக்கலியேளா" என்றாள். அழவில்லை. எனக்கு அதுதான் அதிக பயமாக இருந்தது. பிறகு என் ரஃப் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து நீட்டினாள்.

"அவன் பேரை நல்லா எழுதி கோயில் உபதேசியார்ட்ட குடுத்திரு. வியாழக்கிழமைப் பூசையில சாமியார் வாசிக்கட்டும்."

உன் பெயரை எழுத எனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடத்துச் சுவரில், டீச்சர் நாற்காலியின் முதுகில், எங்கெல்லாம் வாலாட்டினேனோ அங்கெல்லாம் உன் பெயரைத்தான் போட்டுவைத்தேன். அடியெல்லாம் நீ வாங்கினாய். இப்போது பென்சில் முதல் எழுத்துக்கு முன்னாலேயே நின்றுவிடுகிறது. எழுதிக் கொடுத்தால் நீ போய்விடுவாய். கொடுக்காவிட்டால் நாளைக்குப் பூசையில் அம்மா காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பாள்.

சீட்டு என் கையில்தான் இருக்கிறது, வேர்வையில் நமுத்துப்போய். இவ்வளவு நீளத்துக்கு எழுதிவிட்டேன். இதிலும் ஓரிடத்தில்கூட உன் பெயரை எழுதவில்லை, அண்ணே.