கை வேகாத எஞ்சின்காரர்

செலண்டார், மலாக்கா
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் பவானேஸ்வரிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், அம்மாவுக்கு முட்டிவலி மட்டும் வந்து வந்து போகிறது. வான்கூவர் குளிரில் நீ நலமாயிருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறோம். எங்கள் டிவி தொடரின் இரண்டாம் பாகம் எழுத உட்காரப் போகிறோம், அதில் வரும் எஞ்சின்காரரை வைத்துக்கொள்வதா சாகடிப்பதா என்று முடிவாகவில்லை, பன்னிரண்டு பகுதியையும் பார்த்துவிட்டு மறைக்காமல் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் நீ சிரித்து மழுப்புவாய், நானும் மழுப்பிவிடுவேன். அந்த எஞ்சின்காரர் விஷயத்தில் மழுப்பக் கூடாத ஒன்று இருக்கிறது, அதனால்தான் கடிதம்.

முதலில் உங்கள் விண்வெளிக் கப்பல். எண்ணூறு பேர் முந்நூறு வருஷம் போகிறார்கள், ஒருத்தர் வீட்டிலும் சோறு வேகவில்லை, சுவரைத் தட்டினால் தட்டு வருகிறது. ஒருவர் சட்டையிலும் கசங்கல் இல்லை, யார்தான் இஸ்திரி போடுகிறார்களோ. எஞ்சின் ரூமைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தரையில் இலை போட்டுச் சாப்பிடலாம், எண்ணெய்த் துணி ஒன்றுகூடக் கிடக்கவில்லை, எஞ்சின்காரரோ கோயிலில் பேசுவதுபோல் கிசுகிசுக்கிறார். முப்பத்தொரு வருஷம் செம்பனை எண்ணெய் ஆலையில் பாய்லர் பார்த்தவன் நான், இன்றைக்கும் கடையில் உப்புக் கேட்டால் கடைக்காரர் பயந்துபோகிறார், அப்படிக் கத்துகிறேன். ஏழாம் பகுதியில் இரண்டு கேப்டன்கள் காலம் என்றால் என்ன என்று பேச ஆரம்பித்தார்கள், அம்மா அரைக்கிலோ நெத்திலிக்குத் தலை கிள்ளிக் கழுவி வைத்துவிட்டு வந்தாள், அவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் முணுமுணுத்ததற்கு, "நம்ம பிள்ள எழுதுனதுலா, வாய மூடிக்கிட்டுப் பாருங்க" என்று திட்டு வேறு. நான்காம் பகுதியில் அந்த டாக்டர் பெண் செத்தபோது நானே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஒன்பதாம் பகுதியில் காலத்தில் பின்னால் போய் அவளை உயிரோடு கூட்டி வந்துவிட்டீர்கள். அப்படியானால் எங்களை எதற்கு அழவிட்டீர்கள்? கீழே ஓடும் மலாய் எழுத்தைப் படித்துப் பார்க்கிற கிழவனுக்கு இது போதும் என்று நினைத்தீர்களா?

நல்லதே இல்லையா என்றால், இருக்கிறது. தண்ணீரை அளந்து கொடுக்கிற ஐந்தாம் பகுதியில் குழாயடியில் அந்த இரண்டு பெண்கள் போடும் சண்டை சுத்தமான சண்டை. வாய் பிளந்த பூதம் எதையும் கொண்டுவராததும் நல்லது. போய்ச் சேர மாட்டோம் என்று தெரிந்தும் காலையில் எழுந்து வேலைக்குப் போகிறார்களே, அதை நினைத்தவருக்கு மூளையோடு மனசும் இருக்கிறது. அது நீதான் என்று அம்மா சாதித்தாள், எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

இனி பதினோராம் பகுதி. நீராவிக் குழாய் வெடிக்கிறது, எல்லாரும் ஓடுகிறார்கள், எஞ்சின்காரர் மட்டும் நின்று வெறுங்கையால் வால்வைத் திருகி மூடுகிறார். கையை எடுத்தால் ஒரு கொப்புளம்கூட இல்லை. விண்வெளியில் நீராவி எதற்கு என்று நான் கேட்க மாட்டேன், எங்கிருந்து எடுத்தாய் என்று தெரியும். இது என் அப்பா செய்தது என்று பத்திரிகைப் பேட்டியிலேயே சொல்லிவிட்டாய். சின்ன வயதில் உனக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் நான் சொன்ன கதைதான். பவானி, அது பொய். குழாய் வெடித்ததும் வெளியே ஓடினவன் நான். நீ மாமா என்று கூப்பிடுகிற நல்லமுத்து அப்போது பாய்லர் அடுப்பில் எரிக்கச் செம்பனை நார் தள்ளிக்கொண்டிருந்தான். அவன்தான் கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய் மூடினான். சாக்கை அவிழ்த்தபோது உள்ளங்கைத் தோலும் கூடவே வந்தது. அவன் கான்ட்ராக்ட் ஆள், வால்வைத் தொட அனுமதி இல்லாதவன், தெரிந்தால் வேலை போய்விடும். "நீ மூடுனதா சொல்லிடு மச்சான்" என்றான். சொன்னேன். வீட்டில் வெந்நீர் கொட்டிக்கொண்டதாகச் சொல்லி அவன் மருந்து போட்டுக்கொண்டான், நான் மானேஜர் கையால் பாராட்டுப் பத்திரம் வாங்கினேன். அவன் வேலையைக் காப்பாற்றத்தானே சொன்னேன் என்று பல வருஷம் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனால் உன்னிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் யார் வேலை போயிருக்கும்? மகள் முன்னால் பெரிய ஆளாக நிற்க ஆசைப்பட்டேன், அவ்வளவுதான். உங்கள் கப்பலை இவ்வளவு கிண்டல் செய்தேனே, அதில் இருப்பதிலேயே கேவலமான பொய் என்னுடையது.

உன் பேட்டியை நல்லமுத்துவின் மகள் அவனுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். அந்தப் பகுதியை எங்கள் வீட்டில் உட்கார்ந்துதான் பார்த்தான். முடிந்ததும், "பிள்ள நல்லா எழுதியிருக்கா" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "அவருக்குக் கை வேகலையா மச்சான்?" என்று கேட்டான். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நான் எழுந்து வெளியே போய்விட்டேன். நேற்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அதிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை.

ஆகவே எஞ்சின்காரரைக் கொல்லாதே. செத்தால் தியாகி ஆகிவிடுவார், பொய் நிலைத்துவிடும். உயிரோடு வைத்து அவர் வாயாலேயே உண்மையைச் சொல்ல வை. காலத்தில் பின்னால் போய்ச் சரிசெய்கிற வேலை மட்டும் வேண்டாம். பேட்டியில் சொன்னதையும் நல்லமுத்து பெயரைப் போட்டுத் திருத்து.

மாரியம்மன் துணையிருந்து உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல எழுத்தையும் தரட்டும். காதை மூடாமல் குளிரில் வெளியே போகாதே. நல்லமுத்துவின் போன் நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். முதலில் அவனோடு பேசு. என்னோடு பிறகு பேசலாம், மனமிருந்தால்.

இப்படிக்கு,
உன் அப்பா
சுகுமாரன்